பேசிக்கொண்டே மிதித்த பாய்

இங்கே பயிற்சியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேர் மீதும் முதலில் ஒரு புகார். போன செவ்வாய்க்கிழமை கீழே மருந்துக்கடைக்கு வந்தவள், பழக்கதோஷத்தில் மாடி ஏறி, கண்ணாடிக்கு வெளியே நின்று உங்கள் ஆறு மணி வகுப்பைப் பார்த்தேன். பாட்டு காதைக் கிழிக்கிறது. நீங்கள் கைதட்டிக்கொண்டு "இன்னும்! இன்னும்!" என்று கத்துகிறீர்கள். முதல் வரிசையில் இருந்தவர் முகம் தக்காளியாகிவிட்டது. சுவரில் இருக்கும் பலகையிலோ, 'இன்று நிதானப் பயிற்சி' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. நிதானத்துக்கே இந்தக் கூத்தா என்று சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரொம்பச் சிரிக்க எனக்கும் உரிமை இல்லை. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இதே அபிராமபுரம் மாடியில் நகராத சைக்கிள்களுக்கு மிஸ். இத்தனை அனுபவத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு கோளாறால், ஒரு மனிதர் தன் அம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப்போக முடியாமல் போகும் நிலை வந்தது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் ஓய்வு பெற்றால் எனக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அவரை பாய் என்றே சொல்கிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தி. நகரில் தாத்தா காலத்துப் புடவைக்கடை. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வெள்ளை மெத்தை விரித்த மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலை பத்து மணி முதல் கடை சாத்தும்வரை புடவை பிரித்துக் காட்டுவதுதான் வேலை. கைக்கும் வாய்க்கும் ஓயாத உடற்பயிற்சி, காலுக்கு மட்டும் நிரந்தர விடுமுறை. ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, மூச்சிரைக்க நம் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"மிஸ், ஜூன் மாசம் ஹஜ்ஜுக்குப் போறோம். நானும் அம்மியும். அம்மிக்கு எழுபத்தி நாலு வயசு, மூட்டு ரெண்டும் போச்சு. வீல்சேர்ல வெச்சுத்தான் தள்ளணும். இங்க என் கதை இன்னா தெரியுமா? மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறினா பாதியில நின்னுடறேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு போன்ல மெசேஜ் படிக்கிற மாதிரி நடிக்கிறேன்."

அவர்கள் வீட்டில் அம்மாவை அம்மி என்பார்கள். அந்த அம்மியின் கதையையும் அவரே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கணவரோடு போக இரண்டு முறை கிளம்பியிருக்கிறார். முதல் முறை கணவருக்கு ஆபரேஷன் வந்து நின்றது. இரண்டாம் முறை பயணத்துக்கு எல்லாம் தயாரான பிறகு கணவரே போய்விட்டார். இது மூன்றாவது முறை. அங்கே நாற்காலி தள்ளக் கூலிக்கு ஆள் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்கு, 'என் பிள்ளை தள்ளினால் போகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன்' என்று சொல்லிவிட்டாராம்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம வருவனா? இதயம் நல்லா கீதாம் மிஸ். ஓனர்தான் சரியில்லையாம்."

ஜூனுக்கு ஏழு மாதம் இருந்தது. அடித்தளம் போட ஏழு மாதம் தாராளம். உங்களுக்குத் தெரியாததில்லை, நம் தொழிலில் வேகம் கடைசியில் வரும் சமாச்சாரம். மூச்சு வாங்காமல், மெதுவாக, ரொம்ப நேரம் மிதித்து மிதித்துத்தான் இதயத்தையும் காலையும் நீண்ட வேலைக்குப் பழக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். வந்து சேருகிற ஒருவருக்கும் அந்தப் பொறுமை இருக்காது, சொல்லித்தருகிற நமக்கும் இருக்காது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சைக்கிள் பந்தயக்காரர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மிதிக்கிறவர் திணறாமல் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அளவு சரி, வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகத்தைக் குறை என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை வைத்து நூற்றுக்கணக்கானவர்களை மிதிக்க வைத்தாயிற்று. ஆகவே பாய்க்கு மார்பில் கட்டும் நாடித்துடிப்பு பெல்ட்டைக் கொடுத்தபோது, "கூச்சமா கீது மிஸ்" என்று இரண்டாம் நாளே கழற்றிவைத்துவிட்டதை நான் பொருட்படுத்தவில்லை. எனக்குக் காது இருக்கிறது, பெல்ட் எதற்கு என்று ஒரு திமிர். அந்தத் திமிரை ரசித்துப் பேசியும் இருக்கிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பாய் பேசினார். அப்படி ஒரு பேச்சை இந்த மாடி அதற்கு முன் கேட்டதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கும் ஆரணிப் பட்டுக்கும் உள்ள வித்தியாசம், கல்யாணப் புடவைக்கு வரும் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று முதல் பார்வையில் கண்டுபிடிப்பது எப்படி, மாப்பிள்ளையின் அத்தையை ஏன் பகைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் வரும். ஒரு வாக்கியமும் உடையாது. கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுப்பார், அதுவும் நமக்குத் தெரியாது.

அவருக்கு அடுத்த சைக்கிளில் மயிலாப்பூர் மாமா ஒருவர். எழுபது வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே சீராக மிதிப்பார். இரண்டாவது வாரம் என்னைத் தனியாக அழைத்தார்.

"மிஸ், என்னை ஜன்னல் பக்கமா மாத்திடுங்கோ. இவர் பேசறதைக் கேட்டுண்டே மிதிச்சு, நேத்து கடைக்கே போய் மூணு புடவை வாங்கிண்டு வந்துட்டேன். ஆத்துல, யாருக்குன்னு கேக்கறா."

நானும் விழுந்து விழுந்து சிரித்தேனே தவிர, அவரை இடம் மாற்றவில்லை. பேசத் தெம்பிருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்று பாயின் சைக்கிளில் பெடலை இறுக்கும் கனத்தை ஒரு படி ஏற்றினேன். பேச்சு நிற்கவில்லை. மூன்றாவது வாரம் இன்னொரு படி. பேச்சு கூடியது. ஐந்தாவது வாரம் இன்னொன்று. உடம்பு எவ்வளவு அருமையாகப் பழகுகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரியில் பாய்க்குச் சளி பிடித்தது. இரண்டு வாரம் விடவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. இருபது வருடமாகக் கூட இருக்கும் கடை ஆள்மீது ஒரு மடித்த புடவைக்காகக் கத்திவிட்டதாக அவரே சொன்னார். பொங்கல் முடிந்து ஒரு காலை வந்து, சைக்கிளில் ஏறாமல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முன்னல்லாம் மாம்பலம் பாலத்துல பாதியில நிப்பேன் மிஸ். நேத்து பாதியில உக்காந்துட்டேன். படிக்கட்டுலயே. ஒருத்தர் சில்லறை போடப் பாத்தாரு."

அதைக்கூட அவர் சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். துணைக்குப் போகிறவரின் பெயரை மாற்றுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பயண ஏற்பாட்டாளரிடம் சொல்ல வேண்டும். அக்காள் கணவர் திடமானவர், காலையில் ஓட்டம், மாலையில் ஷட்டில். மச்சான் பெயரைக் கொடுத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். அம்மி ஒப்புக்கொள்ளமாட்டார் என்றும், மயங்கி விழுகிற மகனைவிட நிற்கிற மருமகன் மேல் என்று கெஞ்சிப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். அன்று புதன்கிழமை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? 'நாளைக்கு வாங்க, ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்' என்றேன். உடம்பு இடம் கொடுக்கவில்லை என்று ஒரு மனிதர் சொல்லும்போது அவரை மறுபடி சைக்கிளில் ஏற்றிப் பார்க்க நினைத்தேன். இதை நீங்கள் யாராவது செய்தால் நான் மாடி ஏறி வந்து காதைத் திருகுவேன்.

வியாழக்கிழமை பாய் அம்மியோடு வந்தார். மகன் ஏழு வாரமாக எங்கே போய் இப்படி இளைத்து வருகிறான் என்று நேரில் பார்க்க அந்த அம்மா ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படி ஏற்றினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகன் மிதிப்பதைப் பார்த்தார். பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். அன்றைய விஷயம், ஜரிகையில் போலியைக் கண்டுபிடிப்பது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"டீச்சரம்மா, இவன் ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டு மிதிக்கிறான்?" என்றார் அம்மி.

"கஷ்டம் இல்லம்மா. லேசாத்தான் மிதிக்கிறாரு. பாருங்க, எவ்ளோ பேசுறாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கணக்குப் பரீட்சையில் சுலபமான கேள்வியைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதைப் போன்ற பார்வை.

"அய்ய, கஷ்டம் வந்தாத்தான் அவன் பேசுவான். சின்ன வயசுல டைபாய்டு வந்து கெடந்தான். மூணு நாள் வாய் மூடல. அவங்க அப்பா மவுத்தான அன்னிக்கு, வந்தவங்க ஒருத்தரை விடாம எல்லார்கிட்டயும் பேசிக்கினே இருந்தான். எல்லாரும் திடமான புள்ளன்னு சொன்னாங்க. எனக்குத்தான் தெரியும். நிம்மதியா இருந்தான்னா ஒரு வார்த்தை வராதும்மா அவனுக்கு. பக்கத்துல இருக்கானா இல்லியான்னே தெரியாது."

அலமாரியில் தூசி படிந்திருந்த பெல்ட்டை எடுத்துவந்து, கூச்சத்தைப் பற்றிக் கேட்காமல் கட்டிக்கொள்ளச் சொன்னேன். மறுபடி மிதித்தார். அந்த வயதுக்கு, அந்தப் பயிற்சிக்கு, நூற்றிருபது பக்கம் இருக்க வேண்டிய துடிப்பு நூற்று அறுபத்திரண்டில் நின்றது. அந்த நிலையில்தான் அவர் ஜரிகையை நெருப்பில் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு முழு வாக்கியத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். ஏழு வாரமாக ஒவ்வொரு நாளும் அவர் பந்தயம் ஓடியிருக்கிறார். நான் அதற்கு நிதானம் என்று பெயர் வைத்து, மேலே மேலே கனம் ஏற்றியிருக்கிறேன்.

இசையை நிறுத்தினேன். வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "பாய் உடம்புல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னுது. ஏழு வாரமா அவரைத் தப்பா மிதிக்க வெச்சுட்டேன்." அவமானமாகத்தான் இருந்தது. தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் தன் உடம்பு உதவாது என்று அந்த மனிதர் எல்லோர் எதிரிலும் நம்பிக்கொண்டிருந்தார். எல்லோர் எதிரிலும்தான் அதை எடுத்துப்போட வேண்டியிருந்தது.

"அப்ப நாளைக்கு இன்னா சொல்றது மிஸ்?" என்றார் பாய்.

நல்ல கேள்வி. மச்சானை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில் இவர் விழுந்தால் நாற்காலியில் இருக்கும் அம்மாவை யார் பிடிப்பது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் இவரால் முடியாது என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம்? நான் அவரை ஒரு நாளும் சரியாக அளக்கவே இல்லை. அளக்காத உடம்புக்கு எப்படி ஃபெயில் மார்க் போடுவது?

"முதல்ல இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னா உங்க பேரையே வெச்சுக்குங்க. பத்து நாள் சைக்கிள் பக்கமே வராதீங்க. அப்புறம் நான் சொல்ற மாதிரி மிதிங்க. மே மாசம் ஒரு டெஸ்ட் வைப்பேன். அதுல தேறலைன்னா நானே வீட்டுக்கு வந்து, போக வேணாம்னு அம்மிகிட்ட சொல்றேன்."

மே மாதத்தில் பெயர் மாற்ற முடியாது, அப்போது நின்றால் இரண்டு பேருமே நிற்க வேண்டியதுதான் என்பது பாய், அம்மி, நான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அம்மியைப் பார்த்தோம்.

"ரெண்டு தடவ நின்னாச்சு. நின்னா நிக்கட்டும். போனா இவனோடதான் போவேன்" என்றார்.

டாக்டர் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, களைப்புதான், ஓய்வு எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பாய் திரும்பி வந்தார். துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்றேன். அதற்காகக் கனத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய், கடைசியில் சக்கரம் தானாகச் சுற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் எழுபது வயது மாமா அதைவிட இரண்டு மடங்கு கனத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கண்ணைத் திறந்து, பாயின் சைக்கிள் திரையைப் பார்த்து, "என்ன பாய், சைக்கிளை அலம்பிக் காய வெச்சிருக்கேளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். புடவைக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பாய்க்கு அது பெரிய இம்சை. கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மூன்று வாரம் புலம்பினார். நான் அவர் வாயைக் கவனித்தபடி இருந்தேன். ஒரு வியாழக்கிழமை, இருபது நிமிடம் ஆனதும் பேச்சு மெல்லக் குறைந்து, நின்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா, கரண்ட் போய்விட்டதா என்று மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பாய் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். துடிப்பு நூற்றுப் பதினேழு. அந்த அமைதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நிமிடம் யாரும் அவரோடு பேசக் கூடாது என்று சைகை காட்டினேன்.

அதன்பிறகு மாதங்கள் எந்த விசேஷமும் இல்லாமல் போயின. அடித்தளப் பயிற்சி சரியாகப் போனால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நோன்பு மாதத்தில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு இருபது நிமிடம் மட்டும் லேசாக மிதித்தார். அதே துடிப்பில் மெல்ல மெல்லக் கனம் ஏறியது. ஏப்ரலில் மாமாவைத் தொட்டார், மே பிறந்தபோது தாண்டினார். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வீல்சேர் தள்ளிப் பழகச் சொன்னேன். அம்மியின் எடைக்குச் சமமாக நாற்காலியில் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனார். நடக்க வந்த பெண்கள் நிறுத்தி விசாரித்ததில் முதல் ஞாயிறே நாலு புடவை விற்றுவிட்டது. திரும்பி வரும்போது எடை குறைந்துவிட்டது, பயிற்சி செல்லாது என்று மறுபடி தள்ள வைத்தேன்.

மே மாத டெஸ்ட்டுக்கு அம்மியே நாற்காலியில் உட்கார்ந்தார். கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து வேளாங்கண்ணி கோயில் வரை திரும்பத் திரும்பப் போய் வந்து, இரண்டரை மணி நேரம். நானும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

அவர்கள் போயிருந்த நாற்பது நாளும் நான் செய்திச் சேனலில் அந்த ஊர் வெயிலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. தேறிவிட்டார் என்று சொன்னது நான். ஒரு தடவை தப்பாகக் கேட்ட காது, இரண்டாம் தடவையும் தப்பாகக் கேட்டிருந்தால்? என்னை நம்பித்தானே போனார்கள்? போன் செய்து கேட்கவும் தைரியம் வரவில்லை. உங்களுக்கும் இந்தத் தொழிலில் இப்படி நாற்பது நாள் வரும், வந்தே தீரும். அதற்கு என்னிடம் மருந்து எதுவும் இல்லை.

ஜூலையில் ஒரு காலை இரண்டு பேரும் வந்தார்கள். கையில் பேரீச்சம்பழப் பொட்டலமும், ஒரு சின்ன பாட்டிலில் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரும். பாய் கறுத்திருந்தார், நிமிர்ந்திருந்தார். அம்மியை உட்கார வைத்துவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார். எப்படித் தள்ளினார், எங்கேயாவது திணறினாரா என்று நான் ஒரு பாட்டம் கேள்விகளை அடுக்கினேன். அம்மி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மினாவுல, கூடாரத்துலேர்ந்து சைத்தானுக்குக் கல்லெறியப் போற வழிம்மா. அம்மாம் வெயிலு, அம்மாம் ஜனம். சுத்தி எல்லாரும் மூச்சு வாங்கறாங்க, ஓன்னு அழறாங்க, ஒருத்தர ஒருத்தர் கூப்படறாங்க. எனக்கு என் புள்ள சத்தம் மட்டும் கேக்கவே இல்ல. பேச்சும் இல்ல, மூச்சு சத்தமும் இல்ல. கூட்டத்துல உட்டுட்டானோ, வேற யாராச்சும் தள்றாங்களோன்னு பயந்து நாலு தடவ திரும்பிப் பாத்தேன் டீச்சரம்மா. நாலு தடவயும் அவன்தான் இருந்தான்."